ஓரக்கோடு இல்லாத பத்தி

அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்ததும் நான் முதலில் செய்தது முகர்ந்து பார்த்ததுதான். புதுத் தாளுக்கு ஒரு வாசனை உண்டு. மழைக்குச் சற்று முன்னால் ஜன்னல் கம்பியில் வருமே, அது மாதிரி. என் வேலை மென்பொருள் கையேடு எழுதுவது. நான் எழுதுவதை யாரும் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு படிப்பதில்லை. ஒரு கையில் திருப்புளி, மறு கையில் புத்தகம் என்று நின்றவாக்கில்தான் படிப்பார்கள். ஆனாலும் புத்தகம் புத்தகம்தானே.

இது ரோப்காரை இயக்கும் மென்பொருளின் கையேடு. ஐந்தாம் பதிப்பு. எங்கள் ஊர் ஆற்றின் இந்தக் கரையிலிருந்து எதிர்க்கரைக் குன்றுக்குப் போகும் ரோப்காரில் முந்தின நாள்தான் புது மென்பொருளை ஏற்றியிருந்தார்கள். அங்கே இயக்குநராக இருப்பவர் என் அத்தான். கம்பிகளையும் கப்பிகளையும் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் என் அக்கா. "புருஷன் பொத்தானை அமுக்கணும், பொண்டாட்டி கம்பியில தொங்கணும். ஜாதகத்துல இதை யாரும் சொல்லலையே" என்று அப்பா சிரிப்பார்.

எங்கள் கையேடு ஒவ்வொன்றிலும் முதலில் 'இந்த நூலை வாசிக்கும் முறை' என்று ஒரு பக்கம் இருக்கும். ஒரு சொல் தடித்த எழுத்தில் இருந்தால் அது திரையில் உள்ள பொத்தான். தட்டச்சு எந்திரத்தில் அடித்ததுபோல எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருந்தால் அது எந்திரம் நமக்குச் சொல்லும் செய்தி. கோண அடைப்புக்குள் இருந்தால் அந்த இடத்தில் உங்கள் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். மற்ற மொழிகளில் அதற்குச் சாய்வெழுத்து வைத்திருக்கிறார்கள். நம் எழுத்தைச் சாய்த்தால் 'ழ' படியில் தடுக்கி விழுகிற மாதிரி இருந்ததால் நாங்கள் ஆரம்பத்திலேயே விட்டுவிட்டோம். கடைசியாக, ஒரு பத்தியின் இடது ஓரத்தில் செங்குத்தாகக் கறுப்புக் கோடு ஓடினால், போன பதிப்புக்கும் இதற்கும் நடுவில் அந்தப் பத்தி மாறியிருக்கிறது என்று பொருள்.

அத்தான் மதிப்பது இந்த ஓரக்கோட்டை மட்டும்தான். "கோடு போட்ட இடத்தைப் படிப்பேன் மச்சினி. மத்ததெல்லாம் போன தடவையே தலைக்குள்ள இருக்கு" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பழகின இயக்குநர்கள் எல்லோரும் அப்படித்தான். கோடு போடுவதே அதற்காகத்தான். புதிதாக வந்தவர்கள் வரிவரியாகப் படிப்பார்கள், அனுபவம் உள்ளவர்கள் ஓரத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போவார்கள்.

நானும் அன்று அப்படித்தான் ஓரத்தில் விரலை ஓட்டிக்கொண்டு போனேன். 'கம்பிப் பராமரிப்பு' அத்தியாயத்தில் விரல் வெள்ளைத் தாளில் வழுக்கிக்கொண்டே போனது. எனக்கு என்னவோ போலிருந்தது. அந்த அத்தியாயத்தில் நான் எழுதிய புதுப் பத்தி ஒன்று இருக்க வேண்டும். இருந்தது. இப்படி:

'டவர்ப் பூட்டு விடுபட்டதும் அமைப்பு வழக்க நிலைக்குத் திரும்பிவிடும். மீண்டும் பராமரிப்பு நிலையைத் தேர்ந்தெடுத்த பிறகே தொடர் பொத்தானை அழுத்தவும்.'

'பராமரிப்பு', 'தொடர்' இரண்டும் தடித்த எழுத்தில். எல்லாம் சரி. ஓரம் மட்டும் வெறுமையாக இருந்தது.

பராமரிப்பு நாளில் பயணிகள் பெட்டிகளைக் கழற்றிவிட்டுக் கதவில்லாத ஒரு தளத்தைக் கம்பியில் மாட்டுவார்கள். அதற்குத் தொட்டில் என்று பேர். அதில் அக்காவும் அவளோடு வேலை செய்யும் நெட்டையும் ஏறி, நத்தை வேகத்தில் டவருக்குப் போவார்கள். அங்கே நெட்டை டவர் ஏணியில் கால் வைத்து ஒரு பூட்டைத் திருகுவான். பூட்டு விழுந்துவிட்டால் கம்பி அசையாது, கப்பிக்குள் தைரியமாகக் கை விடலாம். வேலை முடிந்ததும் பூட்டை விடுவித்துவிட்டு மறுபடி தொட்டிலுக்குத் தாவுவான். இத்தனை வருஷமும் பூட்டை விடுவித்தால் நத்தை வேகம் அப்படியே இருக்கும். அத்தான் 'தொடர்' பொத்தானை அமுக்குவார், தொட்டில் மெல்ல நகரும். புது மென்பொருளில் பூட்டை விடுவித்தவுடன் பயணிகள் வேகம் வந்துவிடும். அந்த வேகத்தில் கம்பி இழுத்தால், ஒரு கால் ஏணியிலும் ஒரு கால் தொட்டிலிலும் நிற்கிறவன் என்ன ஆவான்? கப்பியிலிருந்து இன்னும் கையை எடுக்காத அக்கா என்ன ஆவாள்?

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் தலைமைத் தொகுப்பாளரிடம் ஓடினேன். அவருக்கு ஆபீசில் கத்தரி என்று பட்டப்பெயர். எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிட்டுத்தான் திருப்பித் தருவார்.

"சார், இந்தப் பத்திக்கு ஏன் கோடு இல்ல?"

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். கணினியில் எதையோ தேடினார். அவர் காது மடல் சிவந்தது.

"நாலரை" என்றார்.

"என்ன சார்?"

"நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல, சோதனை பண்ணிப் பாக்க ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் ஒரு பதிப்பு குடுத்தோமே. அப்ப நான் 'வெளியீடு'ன்னு அமுக்கிட்டேன் போல. கடைசியா வெளியானது எதுவோ, அதோட ஒப்பிட்டுத்தான் இது கோடு போடும். உன் பத்தி நாலரையிலயே மாறிடுச்சு. அதனால அஞ்சுல அது பழசு."

"ஆனா ரோப்கார்க்காரங்க நாலரையைக் கண்ணாலகூடப் பாக்கலையே சார்."

"ஆமா."

"அது நாலரை இல்ல சார். ஏழரை."

அவர் சிரிக்கவில்லை. "இரு, ஒரு திருத்த அறிவிப்பு அனுப்பிடலாம். எந்தத் தலைப்புல அனுப்பறது? 'குறிப்பு', 'கவனம்' ரெண்டையும் நானே போடலாம். 'எச்சரிக்கை'க்கு மேலாளர் கையெழுத்து வேணும். 'ஆபத்து'ன்னா வக்கீல் பாக்கணும்."

"சார், இன்னைக்கு அவங்களுக்குப் பராமரிப்பு நாள்."

"அதுக்குள்ள புத்தகம் அங்க போயிருக்காதே?"

அச்சகம் அவர்களுக்கு நேராகவே அனுப்பியிருந்தது. நான் போனை எடுத்து, முந்தின நாள் சாயங்காலம் அத்தான் அனுப்பியிருந்த செய்தியைக் காட்டினேன். 'புஸ்தகம் வந்துடுச்சு. கோடு போட்டதெல்லாம் படிச்சாச்சு. மொத்தமே ரெண்டு பக்கம்தான். கெட்டிக்காரி.'

கத்தரி அதைப் படித்துவிட்டு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "'கவனம்'னு மெயில் போட்டுடறேன். நீ போன் பண்ணு" என்றார்.

அத்தானின் போன் அணைந்திருந்தது. கம்பியில் ஆள் இருக்கும்போது இயக்க அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அக்காவும் கொண்டுபோகக் கூடாது. நிலையத்தின் எண்ணுக்கு அடித்தேன். டிக்கெட் கவுன்ட்டர் அம்மா எடுத்தார்.

"இயக்குநர் அறைக்குக் குடுங்க, அவசரம்."

"நீங்க யாரும்மா?"

"அவரோட மச்சினி."

"வீட்டு விஷயமா? வேலை முடிஞ்சு வந்ததும் பேசச் சொல்றேன். அறைக்கு வெளிய சிவப்பு விளக்கு எரியுது. எரிஞ்சா கதவைத் தட்டக்கூட எங்களுக்கு அனுமதி இல்ல."

"வீட்டு விஷயம் இல்லங்க. நான் கையேடு எழுதறவ. அவர் இப்ப 'தொடர்' அமுக்கக் கூடாது. மேடையில ஒரு சிவப்புப் பொத்தான் இருக்குல்ல, காளான் மாதிரி? கம்பியை இழுக்கற பெரிய சக்கரம் நிக்குதான்னு பாத்துட்டு, நின்னா மட்டும் அதை அமுக்கிடுங்க."

"யாரோ போன்ல சொன்னாங்கன்னு அதை அமுக்கினா நாளைக்கு நான் இந்த நாற்காலியில உக்கார முடியாதும்மா. குடும்பத்துக்குள்ள சண்டைன்னா அதை வீட்டோட வச்சுக்கங்க" என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

நான் ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன். கையிலேயே இருந்தது.

ஆபீசிலிருந்து ரோப்கார் நிலையம் தூரமில்லை, ஆனால் நடுவில் சந்தைத் தெரு. ஒரு லாரி பின்பக்கமாகச் சந்துக்குள் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் அதைத் தட்டித் தட்டி "வரலாம், வரலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். "என்னம்மா, பிரசவமா?" என்று கேட்டார் ஒரு பழக்கடைக்காரர். நடைபாதையில் ஏற்றினேன். ஒரு கூடை சாய்ந்தது. பின்னாலிருந்து வந்த வசவுகள் எல்லாம் ஒழுங்காக எனக்குத்தான் வந்து சேர்ந்தன.

ஓட்டிக்கொண்டே அந்தப் பத்தியைச் சொல்லிப் பார்த்தேன். வேறு எதுவும் மனதில் வரவில்லை. சில புத்தகங்களில் கெட்ட செய்தி சுமந்து போகிறவனுக்கு வழியில் இருக்கும் மரம், பறவை எல்லாம் ரொம்பத் தெளிவாகத் தெரியும் என்று எழுதியிருப்பார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை. முன்னால் போன பேருந்தின் பின்புறம் மட்டும் தெரிந்தது. அதன் பக்கத்தில் இடைவெளி கிடைக்குமா என்று பார்த்தேன்.

நிலையத்தில் ஸ்கூட்டரை நிறுத்தாமலே இறங்கினேன். அது தானாக விழுந்த சத்தம் கேட்டது. கவுன்ட்டர் அம்மா கண்ணாடிக்குள்ளிருந்து எழுந்தார். "ஏய், நீதானே போன்ல..." நான் தடுப்புக் கம்பிக்குக் கீழே குனிந்து புகுந்து படியேறினேன்.

மேடையில் யாருமில்லை. பெரிய சக்கரம் நின்றுகொண்டிருந்தது. நிஜமாகவே நிற்கிறதா என்று அதன் ஆரக்கால் ஒன்றைக் குறிவைத்துப் பார்த்தேன். நின்றது. அப்பால் கம்பி ஆற்றின்மேல் ஓடி, தண்ணீருக்கு நடுவில் நிற்கும் முதல் டவரில் ஏறியது. அந்த உச்சியில் தொட்டில் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. பக்கத்தில் மஞ்சள் சட்டை ஒன்று, மஞ்சள் புள்ளியாக.

இயக்க அறை மேடையின் மறு கோடியில், ஐந்தாறு படி உயரத்தில் இருந்தது. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருப்பார். ஓடிப்போய்த் தட்டலாமா? நினைத்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது.

கம்பி நகர்வதற்கு முன்னால் அடிக்கும் மணி. அது நின்றதும் கம்பி இழுக்கும்.

காளான் பொத்தான் என் பக்கத்துத் தூணில் இருந்தது. அதை அமுக்கியிருக்கும்வரை 'தொடர்' வேலை செய்யாது. அதுவும் நான் எழுதியதுதான், நான்காம் பதிப்பிலேயே. ஆனால் கம்பி ஓட ஆரம்பித்த பிறகு அமுக்கினால் தொட்டில் ஊஞ்சல்போல எகிறும் என்பதும் நான் எழுதியதுதான். பொத்தான்மேல் பிளாஸ்டிக் மூடி இருந்தது. நகம் வழுக்கியது. மூடி திறந்தது. சக்கரத்தைப் பார்த்தேன். ஆரக்கால் அதே இடத்தில். உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன்.

மணி பாதியில் அறுந்தது.

அதற்குப் பிறகு ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாழ்ப்பாள் விலகும் சத்தம். அத்தான் படியில் குதித்து இறங்கினார்.

"எவன்டா அது? அறிவு இருக்கா?" என்று கத்திக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். "மச்சினி? உனக்கு என்ன பைத்தியமா? மேல உங்க அக்கா இருக்கா!"

"அதனாலதான் அத்தான் அமுக்கினேன். உள்ள போய்த் திரையில மேல் மூலையைப் பாருங்க. சின்னதா ஒரு வார்த்தை இருக்கும். அது என்னன்னு சொல்லுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"பாருங்க அத்தான்."

அவர் போனார், நானும் பின்னாலேயே போனேன். திரைக்கு முன் நின்றார். அந்த மூலையில், ஒரே அகல எழுத்தில், 'நிலை: வழக்கம்' என்று இருந்தது. அவர் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பது உதட்டில் தெரிந்தது. பிறகு நாற்காலியின் கையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். பெரிய உருவம் அத்தானுக்கு. அப்போது காற்றுப் போன பந்துபோல இருந்தார்.

"பூட்டை விட்டதும் அது மாறிடுமா?" என்றார்.

"புது மென்பொருள்ல மாறிடும்."

"கோடு இல்லையே."

"இல்ல. விட்டுப்போச்சு."

மேஜைமேல் வாக்கிடாக்கி கரகரத்தது. அக்காவின் குரல், பின்னால் காற்று.

"அறை, தொட்டில் பேசறேன். மணி பாதியில நின்னுபோச்சு. என்னங்க, தூங்கிட்டீங்களா?"

அத்தான் வாக்கிடாக்கியை எடுத்தார். என்னிடம் நீட்டினார்.

"அக்கா, நான்தான்."

"நீ எங்கடி அங்க? சிவப்பு விளக்கு எரியறப்ப உள்ள விட்டாரா உன்னை?"

நடந்ததைச் சொன்னேன். சுருக்கமாகத்தான், ஆனால் சொல்லி முடிக்கும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"நெட்டை இப்பத்தான் ஏணியிலேர்ந்து காலை எடுத்தான்" என்றாள் அக்கா. அப்புறம், "சரி. வேற எங்கெல்லாம் கோடு விட்டுப்போச்சு?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா?"

"நாலரையில மாறின எதுக்குமே கோடு இருக்காது. எது எதுன்னு எனக்கு முழுசா ஞாபகமில்ல. நிறையப் பேர் சேந்து எழுதினது."

"அப்ப இவர் இதுவரைக்கும் படிக்காம விட்ட இடத்துல என்னெல்லாம் இருக்குன்னு யாருக்குமே தெரியாது. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அப்ப அந்த அத்தியாயம் முழுசையும் படிக்கச் சொல்லு. சத்தமா. எனக்குக் கேக்கணும். கேக்காம நான் ஒரு அடி நகர மாட்டேன்."

அத்தான் வாக்கிடாக்கியைப் பிடுங்கினார். "காத்து ஏறுது. காத்தளவி முள்ளு மஞ்சளைத் தொடப்போகுது. இப்ப நீ இறங்கணும், கதாகாலட்சேபம் கேக்க நேரமில்ல."

"தொங்கறது நான். நேரம் இருக்கா இல்லையான்னு நான் சொல்றேன். நீங்க படிங்க."

டவர் ஆற்றுக்கு நடுவில். கீழே சுழித்து ஓடும் தண்ணீர். கம்பி வழியாக வருவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. அத்தான் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். அவர் அத்தியாயத்தைத் திறக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. புதுசை மட்டும் படித்தால் எது மாறியது என்று எப்படித் தெரியும்? பழசும் வேண்டும். பழசை முந்தின நாளே எடைக்குப் போடும் தாள்களோடு கட்டி வைத்துவிட்டதாகவும், யாரோ எடுத்துப்போய்விட்டதாகவும் அத்தான் சொன்னார்.

என் போனை எடுத்துக் கத்தரிக்கு அடித்தேன்.

"போன் உள்ள கூடாது" என்றார் அத்தான்.

"இன்னைக்கு எல்லாமே கூடாததுதான் அத்தான்."

கத்தரி முதல் மணியிலேயே எடுத்தார். "மெயில் போட்டுட்டேன்மா, 'கவனம்'னு..."

"சார், நாலாம் பதிப்பை எடுங்க. பராமரிப்பு அத்தியாயம். சத்தமா படிங்க. பத்தி பத்தியா. ஆள் இன்னும் கம்பிமேல இருக்காங்க."

ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம், அலமாரி திறக்கும் சத்தம். போனை ஒலிபெருக்கியில் போட்டு மேஜையில் வைத்தேன். வாக்கிடாக்கியின் பேச்சுப் பொத்தானை நான் அழுத்திப் பிடித்தேன், ஒவ்வொரு பத்திக்கும் பிறகு அக்கா பேசுவதற்காக விட்டேன்.

கத்தரி பழைய பத்தியைப் படித்தார். அத்தான் புதிய பத்தியைப் படித்தார். ஒன்றாக இருந்தால் நான் "சரி" என்றேன். அக்கா மேலிருந்து "அடுத்தது" என்றாள்.

கத்தரிக்கு அச்சுப்பிழை பார்த்த பழக்கம். எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்வார். "தடிப்பில், பராமரிப்பு. தடிப்பு முடிந்தது. என்பதைத் தேர்ந்தெடுக்கவும். முற்றுப்புள்ளி." அத்தானும் தன்னையறியாமல் அதே மாதிரி படிக்க ஆரம்பித்தார். "கோண அடைப்பில், டவர் எண். அடைப்பு முடிந்தது." மேலே நெட்டையின் குரல் கேட்டது: "அண்ணி, இவங்க என்ன, நம்ம உயிரை வச்சு சொல்வதெழுதுதல் நடத்தறாங்களா?" அக்கா சிரித்தது கேட்டது. அது பாதியில் காற்றில் போனது.

டவர்ப் பூட்டுப் பத்தி வந்தது. பழசில் ஒரு வரி, புதுசில் இரண்டு. அத்தானின் பேனாவால் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தேன். அவசரத்தில் அது கோடாக இல்லை, புழுவாக இருந்தது.

"அடுத்தது."

காற்றளவியின் முள் மஞ்சளுக்குள் நுழைந்தது. அத்தான் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படித்தார். காற்றைப் பற்றிய பத்தி மாறவில்லை. கயிறு கட்டுவதைப் பற்றிய பத்தி மாறவில்லை. கடைசிப் பத்திக்கு வந்தோம்.

அத்தான் படித்தார்: "'தொட்டில் நிலையத்தை நெருங்கும்போது மேடையில் வேறு ஆள் இல்லை என்பதை உறுதிசெய்யவும். தொட்டில் நின்றதும் பிரேக்கைப் பூட்டவும்.' அவ்வளவுதான். முடிஞ்சுது."

"இங்க முடியல" என்றது போன்.

"என்ன சார்?"

"ரெண்டுக்கும் நடுவுல இங்க ஒரு வரி இருக்கு." கத்தரியின் குரல் மாறியிருந்தது. "'தொட்டில் மேடைக்குள் நுழைந்ததும் அமைப்பு அதைத் தானாக நிறுத்தும்.' முற்றுப்புள்ளி."

புதுசில் அந்த வரி இல்லை. இல்லாத வரிக்குப் பக்கத்தில் எந்தக் கோடும் இருக்க முடியாது. அத்தான் புத்தகத்தைப் பத்துத் தடவை படித்திருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது.

"அந்த வரியை நான்தான் வெட்டினேன்" என்றார் கத்தரி. "இனிமே பராமரிப்பு நிலையில தானா நிக்காதுன்னு பொறியாளர்கள் சொன்னாங்க. எந்திரம் செய்யாததை எதுக்கு எழுதணும்னு வெட்டிட்டேன். இவர்தான் நிறுத்தணும்னு எழுதியிருக்கணும். எழுதல."

மேலிருந்து அக்கா: "என்ன ஆச்சு? ஏன் சத்தத்தையே காணோம்?"

அத்தான் என் கையிலிருந்து வாக்கிடாக்கியை வாங்கினார். "உள்ள வந்தா அது தானா நிக்காதாம். நான்தான் நிறுத்தணும். நான் உக்காந்து வேடிக்கை பாத்திருப்பேன். நீ நேரா சக்கரத்துக்குள்ள போயிருப்பே."

"போகலையே" என்றாள் அக்கா. "இப்பத் தெரிஞ்சுதுல்ல? நிறுத்துவீங்கல்ல?"

"நிறுத்துவேன்."

"அப்ப வாங்க, கூட்டிட்டுப் போங்க. குளிருது."

நான் மேடைக்குப் போய்க் காளானைத் திருகி விடுவித்தேன். கவுன்ட்டர் அம்மா படிக்குக் கீழே நின்று, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அத்தான் 'பராமரிப்பு' நிலையைத் தேர்ந்தெடுத்திருந்தார். மூலையில் இருந்த சொல் மாறியிருந்தது. "படி" என்றார் என்னிடம், அதைக் காட்டி. படித்தேன். "மறுபடி படி." மறுபடியும் படித்தேன். பிறகு 'தொடர்' அமுக்கினார்.

மணி அடித்தது. இந்த முறை முழுசாக அடித்து நின்றது. பெரிய சக்கரத்தின் ஆரக்கால் ஒன்று அசைந்தது. எவ்வளவு மெதுவாக என்றால், அசைந்ததா என்று சந்தேகமே வந்தது.

நத்தை வேகம் என்று எத்தனை முறை எழுதியிருக்கிறேன். அது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. காற்றில் தொட்டில் பக்கவாட்டில் ஆடியது. தீப்பெட்டி, பிறகு பெட்டி, பிறகு இரண்டு ஆட்கள். அக்கா ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். மஞ்சள் சட்டை முழுக்கக் கிரீஸ். நெட்டை தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தான், அவ்வளவு உயரத்தையும் எங்கே மடித்து வைத்தானோ.

அத்தானின் விரல் 'நிறுத்து' பொத்தான்மேல் இருந்தது. தொடவில்லை, மேலே நின்றது. முன்பெல்லாம் இந்த நேரத்தில் அவர் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார், எனக்குத் தெரியும். இப்போது கண்ணிமைகூட ஆடவில்லை. தொட்டில் மேடையின் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. வந்துகொண்டே இருந்தது. சக்கரம் அதற்கு முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது.

"அத்தான்..."

"தெரியுது."

அமுக்கினார். சக்கரம் நின்றது. தொட்டில் முன்னும் பின்னுமாக ஒரு ஆட்டம் ஆடி, மேடையின் மஞ்சள் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நின்றது. பிரேக்கைப் பூட்டினார். பூட்டியதை இழுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அந்த விரலை எடுத்தார்.

நெட்டை முதலில் இறங்கி மேடையிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டான். அக்கா நேராகப் படியேறி வந்தாள். வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு நீலமாக இருந்தது. அத்தான் எழுந்து நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் புத்தகத்தை அவளிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்கு இது? மூஞ்சியைப் பாரு, நான் என்னவோ செத்துட்ட மாதிரி" என்றாள். சொல்லிவிட்டுக் கிரீஸ் கையோடு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை.

மேஜையில் என் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் அப்போதுதான் அதைக் கவனித்தோம். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்பதால் கத்தரி அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கியிருந்தார். தடிப்பில், ஆண்டுச் சோதனை. தடிப்பு முடிந்தது. அவருக்குப் பதில் சொல்ல யாருமில்லாததால் ஒவ்வொரு பத்திக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்தி, காத்திருந்து, மறுபடி படித்தார்.

அக்கா மேஜைமேல் குனிந்தாள்.

"சார், போதும். இறங்கிட்டேன்."

வாசிப்பு நின்றது. போனுக்குள் யாரோ நீளமாக மூச்சு விடுவது கேட்டது.